இரண்டு பக்கமும் ஒளி

1

எங்கள் வீட்டில் ஒரு பாம்பு இருக்கிறது. சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு மிச்சத்தை வாசியுங்கள்.

மன்னாரில் நான் இருந்த காலத்தில் வளவுக்குள் பாம்பு வந்தால் மண்வெட்டியை எடுப்போம். என்ன சாதிப் பாம்பு, அதற்கு என்ன பிடிக்கும் என்று ஒருவரும் விசாரித்ததில்லை. இப்போது லண்டனில், பார்க்கிங் என்கிற ஊரில், நாலாம் மாடியில், எங்கள் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பாம்பு படுத்திருக்கிறது. அதற்குச் சூடு சரியா என்று நான் ஒரு நாளைக்கு நாலு தரம் எழும்பிப் பார்க்கிறேன்.

அது என் மகள் மெலனியுடையது. அவளுக்குப் பதினேழு வயது. முதலில் நாய் கேட்டாள். வாடகை ஒப்பந்தத்தில் நாய் கூடாது, பூனை கூடாது. பெட்டிக்குள் வளரும் சிறிய பிராணி என்றால் எழுதிக் கேட்கலாம் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்திருக்கிறது. பத்து வருடமாக நான் வாசிக்காத வரியை அவள் கண்டுபிடித்தாள். வீட்டுக்காரர்கள் எலி, முயல் என்று நினைத்து எழுதியிருப்பார்கள். இவள் பாம்பு என்று எழுதி அனுப்பினாள். இரண்டு மாதம் கழித்து அனுமதிக் கடிதம் வந்தது. குளியலறைக் கூரையில் ஒழுகுகிறது என்று நான் எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.

கடைக்கு நானும் போனேன். ஜேர்மனியில் பதினாறு வருடம் இருந்துவிட்டு, பிள்ளை ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று இங்கே வந்தவன் நான். கோபம் வந்தால் ஜேர்மன் சொல்தான் முதலில் வாயில் வரும். பாம்பைக் காட்டி "ஹாஸ் இட் கிப்ட்?" என்று கடைக்காரப் பெண்ணைக் கேட்டேன். ஜேர்மனில் கிப்ட் என்றால் நஞ்சு. அந்தப் பெண் முகம் மலர்ந்து, பிறந்தநாளுக்கா, பெட்டிக்கு ரிப்பன் கட்டித் தரட்டுமா என்று கேட்டாள். நான் கையால் கொத்திக் காட்டினேன். அவள் இரண்டடி பின்னால் போனாள்.

"அப்பா, பிளீஸ். நீங்கள் ஒண்டும் கதையாதேங்கோ" என்றாள் மெலனி.

நஞ்சில்லாத பாம்பு. குட்டி. ஒரு பென்சில் தடிப்பு, நிறம் செம்மஞ்சள். பெயர் என்ன வைக்கிறாய் என்று கேட்டேன். "சோழன்" என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எட்டு வருடம் சனிக்கிழமை சனிக்கிழமையாகத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது வீண் போகவில்லை என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து பெட்டியில் பெயரை ஒட்டினாள். சோளன். அந்தப் பாம்பை ஆங்கிலத்தில் சோளப் பாம்பு என்றுதான் சொல்வார்களாம். அதனால் சோளன். ராசாவும் இல்லை, ஒன்றும் இல்லை.

என் மனைவி ஜெசிந்தா வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறாள். வந்து பார்த்துவிட்டு, சுவரில் இருந்த மாதா படத்தையும் பார்த்தாள். "மாதாவுக்குக் காலுக்குக் கீழ ஒண்டு. எனக்கு ரீவிக்குப் பக்கத்தில ஒண்டு. அவ மிதிச்சுக்கொண்டு நிக்கிறா. நான் என்ன செய்யிறது?"

2

நான் மின்சார வேலைக்காரன். வேலைக்காரனாக இருந்தேன். போன பெப்ரவரியில் இல்ஃபோர்டில் ஒரு வீட்டில் கூரைக்கு வயர் இழுத்துக்கொண்டு நின்றபோது ஏணியிலிருந்து விழுந்தேன். கண் திறந்தபோது அம்புலன்சுக்குள் கிடந்தேன். கால் தடுக்கியதாக்கும் என்று நினைத்தேன். வலிப்பு என்றார்கள். ஐம்பத்து மூன்று வயதில் வலிப்பு. ஏன் வந்தது என்று ஆஸ்பத்திரியில் மூன்று இயந்திரங்களுக்குள் தள்ளி எடுத்தார்கள். தெரியவில்லை என்று அழகான ஆங்கிலத்தில் சொன்னார்கள்.

ஒரு வருடம் என்றார் டொக்டர். மருந்தைக் குடித்துக்கொண்டு ஒரு வருடம் மறுபடி வராமல் இருந்தால் வாகனம் ஓட்டும் லைசன்ஸ் திரும்பக் கிடைக்கும். சாமான் ஏற்றிப் போகும் வான் இல்லாமல் என் வேலை இல்லை. இடையில் ஒரு தரம் வந்தாலும் அன்றிலிருந்து மறுபடி ஒரு வருடம்.

அன்றிலிருந்து நான் வீட்டில். ஏணி கூடாது, அடுப்பில் தனியாகச் சமைக்கக் கூடாது, தனியாகக் குளிக்கக் கூடாது. துளைபோடும் மெஷினை ஜெசிந்தா கட்டிலுக்குக் கீழே தள்ளி, முன்னால் நாலு சூட்கேஸை அடுக்கிவிட்டாள். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றியது மெலனி, என்னுடைய ஸ்குரூ டிரைவரால். உள்ளே போய் மூன்று நிமிடம் ஆகாது, கதவில் தட்டு விழும்.

"அப்பா, ஓகேயா?"

"உயிரோடதான் இருக்கிறன்!"

"சரி, சரி. சும்மா கேட்டனான்."

அன்பினால்தான் செய்கிறார்கள். அது தெரியும். அன்பென்று தெரிந்ததால் கத்தவும் முடியாது. கத்தினால் அதற்கும் தண்ணீர் கொண்டுவந்து தருகிறார்கள்.

வேலை செய்ய முடியாதவர்களுக்கு உதவிப் பணம் கொடுக்கும் பெனிபிட் கந்தோரிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டாள். வெறும் அட்டைப் பெட்டியைத் தூக்குவீர்களா? கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைப்பீர்களா? நான் சொன்னேன்: கேத்தல் கொதிக்கிற மின்சாரத்தைப் பன்னிரண்டு மாடிக்கு ஏற்றிக் கொடுத்தவன் நான். அதற்கு இங்கே கட்டம் இல்லை, ஆம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள் என்றாள்.

எங்கள் வீட்டு யன்னல் நாலு விரல் அகலத்துக்கு மேல் திறக்காது. மாடி வீடென்றபடியால் அப்படிப் பூட்டியிருக்கிறார்கள். அந்த நாலு விரலுக்குள்ளால் கீழே நிற்கும் என் வான் தெரியும். எட்டாம் மாதம் அதன் பற்றரி செத்தது. கீழே இறங்கித் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறி வந்தேன்.

பகல் முழுக்க வீட்டில் இருந்தது நானும் பாம்பும்தான். அதையாவது பார்க்கலாம் என்றால் வெளியே வராது. மெலனி அதற்குச் சூட்டுப் பக்கத்தில் ஒரு சிரட்டை கவிழ்த்து வைத்திருந்தாள். ஆம், தேங்காய்ச் சிரட்டை. வாசல் வெட்டி, பொலிஷ் போட்டு, பாம்புக்கென்று கடையில் விற்கிறார்கள். குளிர்ப் பக்கத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டி. பாம்பு ஒன்றுக்குள் இல்லாவிட்டால் மற்றதுக்குள். வாசலில் மூக்கு நுனி மட்டும் தெரியும்.

"என்ன பாம்பு இது? கடன்காரனுக்குப் பயந்தவன் மாதிரி" என்றேன் ஒருநாள்.

"அது பேபி அப்பா. வெளியில வந்தா பறவை தூக்கிக்கொண்டு போயிடும் எண்டு அதுக்குத் தெரியும்."

"பார்க்கிங் நாலாம் மாடியில எந்தப் பறவை?"

"அதுக்குப் பார்க்கிங் தெரியாது."

3

நவம்பரில் பள்ளிக்கூடத்தால் மெலனியை வேல்ஸுக்குக் கூட்டிப் போனார்கள். ஒரு கிழமை. மலை, ஆறு, மண் என்று ஏதோ படிப்பு. அங்கே தொலைபேசி எடுக்காது.

பாம்பை யாரிடம் விடுகிறாய் என்று நான் கேட்கவில்லை. சிநேகிதி ஒருத்தியிடம் விடுவாள் என்றுதான் நினைத்தேன். போவதற்கு முதல்நாள் "அப்பா, நீங்கள் பாக்கிறீங்களா?" என்றாள். ஒன்பது மாதத்தில் அந்த வீட்டில் என்னை நம்பி ஒருவர் விட்ட முதல் வேலை. "ஓம், பாப்பம்" என்று ஒரு பெரிய மனிதனைப் போலச் சொன்னேன்.

மறுநாள் காலையில் அவதி அவதியாகப் பெட்டியைத் துடைத்து, புதிய மரத்தூள் போட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினாள். பெட்டியில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. தமிழில். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதுகிறாய் என்று நான் கத்திய கத்துக்கு, எனக்காகத் தமிழில் எழுதியிருக்கிறாள். அப்படியே தருகிறேன்.

"அப்பா, சோளனுக்கு
சூடு பக்கம் 30. குளிர் பக்கம் 23.
இரண்டு பக்கமும் ஒளி வைக்க வேண்டும். மறக்க வேண்டாம்!!! ஒளி இல்லா விட்டால் பயப்படும்.
தண்ணீர் மாத்தவும்.
தொட கூடாது.
மெலனி"

சில சந்தி விட்டுப்போனதையும் ஒரு பேச்சுச் சொல்லையும் தவிர பிழையே இல்லை. ஜெசிந்தாவை எழுப்பிக் காட்டினேன். இரவு ஷிப்ட் முடித்துப் படுத்தவள், ஒரு கண்ணால் பார்த்து "வடிவா எழுதியிருக்கிறாள்" என்றுவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

ஒளி. அதுவும் இரண்டு பக்கமும். வாழ்க்கையில் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைப் பிள்ளை என்னிடம் கேட்டிருக்கிறாள். சிரட்டையும் பிளாஸ்டிக் பெட்டியும் குசினியில் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. நல்லது, அந்த இருட்டுச் சாமான்களை எடுத்துவிட்டு வெளிச்சம் போடச் சொல்கிறாள் என்று விளங்கிக்கொண்டேன்.

நாலு சூட்கேஸையும் இழுத்துத் துளைபோடும் மெஷினை எடுத்தேன். வேலையில் மிச்சமான எல்.ஈ.டி. பட்டி ஒரு சுருள் இருந்தது. வெட்டி, ஒட்டி, பெட்டியின் பின்பக்கப் பலகையில் வயருக்குத் துளை போட்டு, இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று. வெள்ளை வெளிச்சம். சத்திரசிகிச்சை அறை மாதிரி. அதனால் சூடு ஏறாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் வெப்பமானியைப் பார்த்தேன். சூட்டுப் பக்கம் முப்பது, குளிர்ப் பக்கம் இருபத்து மூன்று. ஒரு புள்ளி பிசகவில்லை. அன்றைக்கு எனக்குப் பசித்தது. பல மாதத்துக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

4

பாம்பு வெளியே வந்துவிட்டது. மாதக்கணக்கில் மூக்கு நுனி மட்டும் காட்டியது, இப்போது காலையிலிருந்து இரவு வரை கண்ணாடியோடு ஓடிக்கொண்டிருந்தது. இந்த மூலையிலிருந்து அந்த மூலை. மேலே ஏறும், விழும், மறுபடி ஏறும். அதற்குக் குதூகலம் வந்துவிட்டது என்று நினைத்தேன். வீடியோ எடுத்து மெலனிக்கு அனுப்பினேன். ஒரு சரி அடையாளத்தோடு நின்றது, இரண்டாவது விழவில்லை.

"பாத்தியா? வெளிச்சம் போட்ட பிறகு எப்பிடி விளையாடுது."

ஜெசிந்தா தூரத்தில் நின்று பார்த்தாள். "விளையாடுற மாதிரித் தெரியேல்லை. வாசல் தேடுற மாதிரி இருக்கு."

மூன்றாம் நாள் அதன் மூக்கில் தோல் போயிருந்தது. கண்ணாடியில் உரசி உரசிச் சிவப்பாக ஒரு புள்ளி. அது ஏன் என்று எனக்கு அப்போதும் விளங்கவில்லை. இவ்வளவு செய்தும் உனக்குப் போதாதா என்று பாம்போடு கோபப்பட்டேன்.

நாலாம் நாள் பெட்டி வெறுமை. மூடி மூடியபடி. நான் போட்ட துளையைப் பார்த்தேன். வயரைச் சுற்றி ஒரு சுண்டுவிரல் இடைவெளி. பென்சில் தடிப்புப் பாம்புக்கு அது வாசல்.

ஜெசிந்தா கட்டிலில் ஏறி நின்றாள். செபமாலையை எடுத்தாள். நான் குசினியில் இருந்து மா எடுத்து எல்லா அறை வாசலிலும் மெல்லிசாகத் தூவினேன். பாம்பு போன தடம் விழும்.

"என்ன, நிலத்தில பிட்டு அவிக்கப் போறியளோ?"

"நீ செபத்தைச் சொல்லு."

"பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ. வந்து விழுந்து அழுவாள்."

மறுநாள் காலையில் அவள் செருப்பைத் தட்டித் தட்டிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். நான் மாவைப் பார்த்தேன். வரவேற்பறை வாசலில் ஒரு வளைந்த கோடு. அதற்கப்பால் நடைபாதைக் கம்பளம். கம்பளத்தில் தடம் இல்லை.

உட்கார்ந்து யோசித்தேன். அதற்கு முப்பது வேண்டும். வீடு பதினேழில் இருந்தது. பகலில் நான் ஒருவன் இருப்பதற்கு ஹீற்றர் போடுவதில்லை. அதற்கு இருட்டு வேண்டுமா வேண்டாமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஓடிப்போன ஒன்று எங்கே போகும் என்பது தெரியும்.

ஜேர்மனியில் எனது அகதி மனு நிராகரிக்கப்பட்டபோது ஏழு மாதம் நான் ஒரு வீட்டின் நிலவறையில் இருந்தேன். நண்பன் ஒருவன் துப்புரவு வேலை செய்த கட்டடம். மேலே அவனது அறையில் கட்டில் இருந்தது, யன்னல் இருந்தது. நான் தெரிவு செய்தது கீழே, சூடாக்கும் கொதிகலனுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த இடம். முதுகும் முழங்காலும் இரண்டு பக்கமும் முட்டும். முட்டினால்தான் நித்திரை வந்தது. மேலே அகலமான கட்டிலில் ஒரு இரவும் நான் தூங்கியதில்லை.

எழும்பிப் போய் நடைபாதையில் இருந்த சுடுதண்ணீர்த் தொட்டி அலுமாரியைத் திறந்தேன். தொட்டிக்குச் சிவப்பு நிறத்தில் ஒரு தடித்த போர்வை கட்டியிருக்கும். முழங்காலில் நின்று, தலையை உள்ளே விட்டு, போர்வைக்கும் தொட்டிக்கும் இடையில் டோர்ச் அடித்தேன். ஏதோ கருகிய மணம் வந்தது. வயர் எரிகிறது என்று நினைத்தேன். அது வயர் இல்லை.

கண் திறந்தபோது கன்னம் தரையில் இருந்தது. நாக்கின் ஓரம் கிழிந்து வாயில் இரத்தம். காற்சட்டை நனைந்திருந்தது. டோர்ச் உருண்டுபோய் அலுமாரிக்குள் எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில், போர்வையின் கீழ் மடிப்பில், என் மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில், பாம்பின் தலை. நாக்கை நீட்டி நீட்டி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தோம் என்று தெரியாது. பிறகு கையை நீட்டினேன். வந்தது. கையில் சுற்றியது. சூடாக இருந்தது.

அதைப் பெட்டிக்குள் விட்டேன். துளையை டேப்பால் அடைத்தேன். லைட்டைப் போட்டேன், துண்டில் அப்படித்தானே எழுதியிருக்கிறது. வாயைக் கழுவினேன். காற்சட்டையைத் தோய்த்தேன். மாவைக் கூட்டினேன். ஜெசிந்தா வந்தபோது எல்லாம் பளிச்சென்று இருந்தது.

"பிடிச்சாச்சோ? மாதாவே! அதென்ன, பகலில காற்சட்டை தோய்ச்சுப் போட்டிருக்கிறியள்?"

"மா பட்டுட்டுது."

5

மெலனி வந்தாள். முதுகுப் பையைக் கழற்றவில்லை. பெட்டியைப் பார்த்தாள். அவள் ஆங்கிலத்தில் சொன்ன முதல் இரண்டு வசனங்களை இங்கே எழுத முடியாது.

"எங்க சிரட்டை? எங்க பெட்டி? நான் எழுதினனான் எல்லோ! இரண்டு பக்கமும் ஒளி!"

"அதான் போட்டிருக்கிறன். இரண்டு பக்கமும் ஒளி. ஒண்டுக்கு அறுபது லைட்."

"லைட் இல்லை அப்பா! ஒளி! ஒளி! ஒளிச்சுப் பிடிச்சு விளையாடுற ஒளி!"

நான் பெட்டியில் ஒட்டியிருந்த துண்டை மறுபடி வாசித்தேன்.

"அதுக்கு ஒளிப்பிடம் எண்டு எழுத வேணும். மறைவிடம் எண்டு எழுத வேணும்" என்றேன்.

"ஹைட் எண்டு டிக்ஷனரியில போட்டனான். ஒளி எண்டு வந்தது."

டிக்ஷனரி பிழை இல்லை. அவளும் பிழை இல்லை. நான் ஐம்பது வருடம் தமிழ் கதைத்து, தமிழில் கனவு கண்டு, இந்தச் சொல்லுக்கு இப்படி ஒரு வேலை இருப்பதை ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. மின்சாரக்காரன் கண்ணுக்கு மின்சாரம்தான் தெரிந்தது.

லைட்டைப் பிடுங்கினாள். சிரட்டையையும் பெட்டியையும் அதனதன் பக்கத்தில் வைத்தாள். பாம்பு ஒரு நிமிடம் எடுக்கவில்லை. சிரட்டை வாசலுக்குள் தலை போனது, வால் போனது, முடிந்தது. அப்படி ஒன்று நிம்மதி அடைவதை நான் பார்த்ததில்லை. மெலனி பெட்டியின் முன்னால் நிலத்தில் இருந்து அழுதாள்.

"ஏன் இரண்டு? ஒண்டு காணாதோ?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் கேட்டேன்.

பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகச் சொன்னாள். ஒளிக்க ஒரே இடம் இருந்தால் பாம்பு அங்கேயே கிடக்கும். அது குளிர்ப் பக்கத்தில் இருந்தால் குளிரிலேயே கிடக்கும். சாப்பிட்டது செமிக்காமல் சத்தி எடுக்கும். சூடு அடுத்த பக்கத்தில் இருக்கிறதென்று தெரிந்தாலும் பயத்தில் போகாது. "சூடும் வேணும், சேஃபாவும் இருக்க வேணும். ரெண்டில ஒண்டை எடு எண்டு அதிட்டச் சொல்லக் கூடாது அப்பா. அது குட்டி."

நான் குசினிக்குள் போய்த் தண்ணீர் குடித்தேன். ரெண்டில ஒண்டை எடு என்றுதான் எனக்கு எல்லோரும் சொன்னார்கள். மன்னாரில் சூடு இருந்தது, இரவில் கதவு தட்டினால் குலை நடுங்கும். இங்கே கதவைத் தட்டுவது பார்சல் கொடுக்கிறவன்தான். ஆனால் பதினேழு டிகிரி.

பாம்பு அதன் பிறகு சாப்பிடவில்லை. கிழமைக்கு ஒரு எலிக்குஞ்சு. உறைய வைத்ததை இளக்கி வைப்பாள், மறுநாள் அப்படியே எடுத்து எறிவாள். ஒரு கிழமை. இரண்டு கிழமை. மூன்று. பெட்டியைச் சுற்றித் துணி கட்டினாள். நான் அந்தப் பக்கம் பார்க்கக்கூட வேண்டாம் என்றாள். நான் கதிரையை யன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன்.

"என்ர தமிழாலதான்" என்று ஒருநாள் தாயிடம் சொல்வது கேட்டது. "இங்கிலிஷில எழுதியிருந்தா ஒண்டும் நடந்திராது. இனி எழுத மாட்டன்."

நாலாம் கிழமை சாப்பிட்டது. துணியை விலக்கிப் பார்த்துவிட்டு ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். மன்னிப்பென்றும் சொல்லவில்லை, கோபம் போய்விட்டதென்றும் சொல்லவில்லை. ஆனால் இனி ஆங்கிலத்தில்தான் துண்டு எழுதுவாள். அது உறுதி. காற்சட்டைக் கதையை நான் யாருக்கும் சொல்லவில்லை.

6

இந்தக் கிழமை லைசன்ஸ் படிவம் வந்தது. வருடம் முடிய முன்னரே நிரப்பி அனுப்பலாமாம். வருகிற மாதத்தோடு ஒரு வருடம். ஜெசிந்தா கோயிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தாள். வானுக்குப் புதுப் பற்றரி வாங்குவோம் என்றாள்.

எங்கள் வீட்டில் படிவம் நிரப்புவது மெலனி. இங்கே எல்லாத் தமிழ் வீட்டிலும் பிள்ளைகள்தான். ஒன்பது வயதிலிருந்து அவள் என் சம்பளத்தையும் என் இரத்த அழுத்தத்தையும் கட்டம் கட்டமாக எழுதி வருகிறாள். சாப்பாட்டு மேசையில் பேனையோடு இருந்தாள். ஜெசிந்தா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"பேர் போட்டாச்சு. அட்ரஸ். மருந்து. ஓகே. கடைசியா ஃபிட்ஸ் வந்த திகதி. அது பெப்ரவரி, என்ன?"

பேனை கட்டத்துக்கு மேல் நின்றது. நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. சும்மா இருந்தால் போதும், அவளே எழுதிவிடுவாள். பிறகு நான் வேலைக்குப் போவேன். ஏணியில் ஏறுவேன். யன்னல் வழியாகத் தெரியும் அந்த வானை ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் ஒரு தெருவால் போவேன். கருகிய மணம் வரும். அந்த நேரம் முன்னால் யார் கடப்பார்கள் என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. பொய்யை எழுதப் போவது என் கை இல்லை, அவள் கை. அவளுக்கு அது பொய் என்றே தெரியாது.

"நவம்பர்" என்றேன்.

"வாட்?"

"நவம்பர். நீ வேல்ஸில நிண்ட கிழமை. வியாழக்கிழமை."

குசினியில் கத்திச் சத்தம் நின்றது.

மெலனி பேனையை வைக்கவில்லை. அப்படியே பிடித்தபடி என்னைப் பார்த்தாள். "ஏன் அப்பா சொல்லேல்லை?"

"ஒளிச்சனான்" என்றேன். அதற்கு வேறு சொல் எனக்கு வரவில்லை.

ஜெசிந்தா மீன் கையோடு வந்து வாசலில் நின்றாள். "மா பட்டுட்டுது எண்டு சொன்னியள்" என்றாள். "எனக்கு, என்ர முகத்தைப் பாத்து, மா பட்டுட்டுது எண்டு சொன்னியள்." அதற்கு மேல் அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அடுத்த கேள்வியை மெலனி வாசித்தாள். "அந்த நேரம் பக்கத்தில ஆராவது நிண்டவையா?"

"பாம்பு நிண்டது."

சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒருவரும் இல்லை என்று எழுதினாள். பிறகு மேலே, திகதிக் கேள்விக்குத் திரும்பிப் போனாள். இரண்டு கட்டம் நாளுக்கு, இரண்டு மாதத்துக்கு, நாலு வருடத்துக்கு. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒவ்வொரு இலக்கமாக, கோட்டில் முட்டாமல் எழுதினாள். இன்னும் பத்து மாதம் என்று நான் மனதில் எண்ணி முடித்தபோது அவள் எழுதி முடித்திருந்தாள். இதை அனுப்பினால் இப்போதைக்கு லைசன்ஸ் தரமாட்டார்கள் என்றாள். தெரியும் என்றேன். படிவத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள்.

"இது மட்டும் நீங்கள்தான் போட வேணும்."

கையெழுத்துப் போட்டேன்.